ஏழு கேத்தல் சுடுதண்ணீரும் ஒரு நிக்காஹ்வும்

தெரியாத வேலையைச் செய்கிறவன் பயந்து பயந்து செய்வான்; அதனால் பெரிய சேதம் வராது. தெரியும் என்று நினைப்பவன்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குவான். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எந்த வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் ஓடுகிறது என்று அளந்து சொல்வதுதான் என் உத்தியோகம். ஆகவே தண்ணீரைப் பற்றி எனக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் இங்கிலாந்தில் ஒரு காலையில் ஏழு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

கல்முனையிலிருந்து நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. என் தம்பி மகள் ஹஸ்னாவின் நிக்காஹ்வுக்கு. தம்பி மவுத்தாகி, மண்ணுக்குப் போய்ச் சில வருடங்கள். ஹஸ்னாவுக்குச் சகோதரன் இல்லை. எங்கள் வாப்பாவும் இல்லை. ஆகவே பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் வலீ என்ற பொறுப்பு, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணி வந்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கும். வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை.

தம்பியின் மனைவி ஆறு மாதத்துக்கு முன்பே போன் எடுத்து வழி சொன்னாள். "மச்சான், நீங்க ஊரில இருந்தே போன்ல வகாலத்து குடுத்தாப் போதும் எண்டு மௌலவி சொல்றார். உங்களுக்குப் பதிலா அவரு முடிச்சி வைப்பாரு. இந்தக் குளிருக்குள்ள நீங்க என்னத்துக்கு அலையணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட தம்பிட மகளக் குடுக்கிறது என்ன, கோழிக் கடைக்கு ஓடர் குடுக்கிற மாதிரியா? நான் வருவன். வந்து, முன்னுக்கு இருந்து, என்ட வாயால சொல்லுவன்."

போனேன். என் மனைவிக்கு முழங்கால் வருத்தம், அவள் வரவில்லை. இலண்டனுக்குத் தெற்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கும் என் மகள் பர்ஸானாவின் வீட்டில் தங்கினேன். நிக்காஹ் வடக்கே லீட்ஸ் நகரத்தில். காரில் ஐந்து மணித்தியாலம். முதல் நாளே போய்ச் சேர்வோம் என்று மருமகன் இம்தியாஸிடம் ஐந்து தரம் சொன்னேன். (மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அல்ல, அது தற்செயல்.) அவர் நல்ல பிள்ளை. "மாமா, எனக்கு வெள்ளிக்கிழமை வேலை. சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டாலும் பின்னேர நிக்காஹ்வுக்குப் போயிரலாம்," என்றார்.

சனிக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டுத் திரையை விலக்கினேன். வெளியே எல்லாம் வெள்ளை. வாசலில் இறங்கி விரலை விட்டு அளந்தேன். நாலு விரற்கடை. அவ்வளவுதான். நம் ஊரில் அந்த அளவு தண்ணீர் முற்றத்தில் நின்றால் பிள்ளைகள்கூட வேடிக்கை பார்க்க வரமாட்டார்கள்.

தொலைக்காட்சியில் ஒரு பெண், அவசியமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பெனியன், சட்டை, சுவெட்டர், கோட், அதற்கு மேல் தொப்பி, தொப்பிக்கு மேல் பேத்தியின் ஊதாக் கம்பளிக் குல்லாய் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தெருவைப் பார்வையிடப் போனேன். பத்தொன்பது வீடுகள். ஒரு வீட்டிலாவது மம்பட்டி இல்லை. ஒரு மனிதர் கேக் சுடும் தட்டால் பனியை வழித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கையில் குப்பை அள்ளும் சின்னத் தட்டு. வருடா வருடம் பனி வருகிற நாடு என்கிறார்கள். வருடா வருடம் இவர்கள் அதை முதல் தரம் காண்கிறார்கள் போலிருந்தது.

பர்ஸானாவின் வீட்டு வாசலிலிருந்து கார் நிற்கும் இடத்துக்குச் சிமெந்துச் சரிவு ஒன்று உண்டு. பன்னிரண்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும். இம்தியாஸ் மேலே குளித்துக்கொண்டிருந்தார். பர்ஸானா பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடப் போயிருந்தாள். நான் கேத்தலை அடுத்தேன்.

முதல் கேத்தலுக்கே பனி "சிர்" என்று ஒதுங்கி வழிவிட்டது. மதகைத் திறந்துவிட்டு வாய்க்கால் ஓரத்தில் நிற்பதுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏழு கேத்தல். சரிவு முழுவதும் கறுப்பாக, சுத்தமாக, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. கேக் தட்டு மனிதர் அங்கிருந்தே என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன். பிறகு உள்ளே போய், உழைத்த மனிதனுக்கு உரிய ஒரு தேத்தண்ணியைக் குடித்தேன்.

தண்ணீர் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். அது ஓடாமல் நின்றுவிட்டால் என்ன செய்யும் என்று எந்தக் கந்தோரிலும் எனக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணி முடிவதற்குள் அந்தச் சரிவு கண்ணாடியாகிவிட்டது. பார்த்தால் வெறும் ஈரத் தரை. பனி இருந்தாலாவது கால் புதைந்து நிற்கும். நான் அதையும் எடுத்துவிட்டிருந்தேன்.

இம்தியாஸ் கோட்டு சூட்டோடு இறங்கினார். கையில் பர்ஸானா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இரவிரவாக அவித்த வட்டிலப்பத் தட்டு. ஹஸ்னாவுக்கு அதில் உயிர். "மாமா, நல்லாத் துப்புரவாக்கி வெச்சிரிக்கீங்க," என்றார். அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த கடைசி நல்ல வார்த்தை. அடுத்த நொடி அவர் என் கண் முன்னால் மல்லாந்து, தட்டை இரண்டு கையாலும் மேலே பிடித்தபடி, காரின் சில்லு வரைக்கும் போய் நின்றார். வட்டிலப்பத்தில் ஒரு கீறல் இல்லை. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மையார் ஓடிவந்து, பனிக்கு உப்பல்லவா போட வேண்டும், யார் இந்தத் தண்ணீரை ஊற்றியது என்று கேட்டார். இம்தியாஸ் வலியோடும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் கையில் கேத்தல் இருந்தது. அது காட்டிக் கொடுத்தது.

அந்த அம்மையாரின் மகன் தன் ஜீப்பில் இம்தியாஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பர்ஸானாவுக்கு அந்தக் கண்ணாடிக்கு மேலால் காரை எடுக்கத் துணிவில்லை. (அன்றைக்கு நெடுஞ்சாலையில் லொறிகள் குறுக்கே நின்று பாதை மூடிக் கிடந்ததாம். ஆகவே நான் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் போயிருக்க முடியாது. இதை இதுவரை பதினொரு பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவரும் ஏற்கவில்லை.)

நானும் மகளும் வட்டிலப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்தபடி, ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே பலகையில் பதினாறு ரயில்கள். பதினாறுக்கும் நேரே ரத்து என்று எழுதியிருந்தது. தண்டவாளத்தில் என்னவோ உறைந்துவிட்டதாம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக வருத்தம் தெரிவித்தது. முடித்துவிட்டு மறுபடியும் தெரிவித்தது. பிளாட்பாரத்தில் நின்ற ஒருவரும் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. எல்லோரும் கடதாசிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்த மன்னிப்பை மழைபோல வாங்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நம் பஸ் நிலையத்தில் என்றால் இதற்குள் இரண்டு பேராவது நேரக்காப்பாளரின் ஜன்னலைத் தட்டியிருப்பார்கள்.

அப்போது மாப்பிள்ளையின் வாப்பா போனில் பேசினார். ஒலுவில் ஊர்க்காரர், முப்பது வருடமாக நோர்வேயில். குடும்பத்தோடு முதல் நாளே லீட்ஸ் போய்ச் சேர்ந்திருந்தார்.

"எங்கட பக்கத்தில இடுப்பளவு பனி மச்சான். அங்க பிள்ளையள் நேத்தும் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திட்டுதுகள். ரயிலுக்கு முன்னால ஒரு கலப்பைய மாட்டி விடுவானுகள், அது தள்ளிக்கிட்டுப் போகும். குளிர் காலத்துக்கு காருக்கு வேற டயர். நாம செருப்பு மாத்துற மாதிரித்தான். விமானமும் அங்க நேரத்துக்கு ஏறிச்சி. இஞ்ச இறங்கத்தான் பாடாப் போச்சி." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பனிக்கு சுடுதண்ணி ஊத்தினயாமே?"

இந்தச் செய்தி எனக்கு முன்னமே லீட்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது மட்டும் ரத்தாகவில்லை.

"ஓம்," என்றேன்.

"நோர்வேயில அஞ்சு வயசுப் பிள்ளையும் அதச் செய்யாது மச்சான்."

அவர் வைத்த கையோடு கல்முனையிலிருந்து என் மனைவி. ஊரில் மாரி மழை. கிட்டங்கித் தாம்போதிப் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்கிறதாம். அந்த வெள்ளத்தில், முழங்கால் வருத்தத்தோடு, உழவு இயந்திரத்தின் பெட்டியில் பதினாறு பேரோடு பதினேழாக நின்று, நாவிதன்வெளிக்குப் போய் ஒரு மவுத்து வீட்டை விசாரித்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள். "நடுவில இயந்திரம் நிண்டிட்டு. பொடியனுகள் இறங்கித் தள்ளினானுகள். நீங்க என்ன, நாலு விரல் பனிக்கா நிக்கிறீங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். லீட்ஸில் மண்டபம் நிரம்பியிருக்கும். ஹஸ்னா உடுத்து இருப்பாள். முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். நான் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு நிக்காஹ் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் போனில் முடித்திருக்கக்கூடிய ஒரு காரியத்தை, வந்து செய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து, நானே மறித்துக்கொண்டு நின்றேன்.

தம்பியின் மனைவி மீண்டும் எடுத்தாள். ஒரு குத்தலும் இல்லை. "மச்சான், மௌலவிக்கிட்டக் குடுக்கிறன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில போன வெச்சிரிக்கம். சாட்சிக்காரர் கேட்கணும், சத்தமாச் சொல்லுங்க."

நான் குல்லாயைக் கழற்றித் தொப்பியைச் சரிசெய்தேன். அந்தப் பிளாட்பாரத்தில், ஒரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், நேராக நின்றேன். மௌலவி ஸலாம் சொல்லி, உங்கள் தம்பி மகள் ஹஸ்னாவை மணமுடித்துக் கொடுக்க எனக்கு வகாலத்துத் தருகிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. இந்தச் சேவை ரத்துச் செய்யப்பட்டுள்ளது, இதனால் ஏற்படும் சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம் என்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தது.

பிறகு மௌலவியின் குரல், கொஞ்சம் தயங்கி: "ஹாஜியார், அது உங்கட பதிலா?"

"இல்ல, இல்ல," என்று கத்தினேன். "நான் தாறன். மறைந்த என்ட தம்பிட மகள் ஹஸ்னாவ நிக்காஹ் செஞ்சி குடுக்க, வலீயாகிய நான், உங்களுக்கு வகாலத்துத் தாறன். தாறன். தாறன்." ஒரு தரம் போதும். எண்ணிக்கையில் நான் குறைவைத்ததில்லை.

மௌலவி துஆவைத் தொடங்கியதும் என் வேலை முடிந்தது என்று போனைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். அணைக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. பர்ஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் ரத்துப் பலகையைப் பார்த்தபடி எரிந்து விழுந்தேன்.

"பர்ஸானா, எனக்கு நாளைக்கே டிக்கட் போடு. நான் வெள்ளமுள்ள ஊருக்குப் போறன். அங்க மனுசருக்கு மூளை இரிக்கி."

பைக்குள்ளிருந்து ஒரு மண்டபமே சிரித்தது.

வட்டிலப்பத்தை அந்தப் பிளாட்பாரத்திலேயே பங்கு வைத்தோம். நாற்பது துண்டு, முப்பத்தெட்டுப் பேர். மிஞ்சிய இரண்டும் ரத்து அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த நிலைய உத்தியோகத்தருக்கு. மறுநாள் பின்னேரம் பாதை திறந்து, ஒரு வாடகைக் காரில் லீட்ஸ் போய்ச் சேர்ந்தோம். இம்தியாஸும் கட்டுப்போட்ட கையோடு வந்தார். முன்வரிசையில் இருக்க முடியாமற்போனதற்கு என்ன சொல்வது என்று வழி முழுவதும் யோசித்திருந்தேன். ஹஸ்னா சொல்ல விடவில்லை.

"நல்ல வேளை நீங்க போன்ல சொன்னீங்க பெரியவாப்பா. வாப்பா கதைக்கிற மாதிரியே இருந்திச்சி."

தம்பி பதினெட்டு வருடம் சவூதியில் வேலை செய்தவன். அந்தப் பிள்ளைக்கு வாப்பா என்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் போனில் வரும் ஒரு குரல்தான். நேரில் முன்னுக்கு இருந்திருந்தால் நான் வெறும் பெரியவாப்பாவாகவே இருந்திருப்பேன். குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் விடிய, மூளையுள்ள ஊரின் வெள்ளம் என் வீட்டுக்குள் வந்தது. அளந்து பார்த்தேன்: பதினாலு அங்குலம். கடற்கரைப் பக்கம் தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்காலை யாரோ மதில் கட்டி மறித்திருந்தார்கள். நானும் மனைவியும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோது ஹஸ்னா வீடியோவில் வந்தாள். பக்கத்தில் புது மாப்பிள்ளை.

"பெரியவாப்பா, மூளையுள்ள ஊர் எப்பிடி இரிக்கி?"

இன்றைக்கு வரைக்கும் அதுதான் நடக்கிறது. ஊரில் மின்சாரம் நின்றால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், சந்தையில் இரண்டு லொறி முகத்தோடு முகம் நின்று பாதையை அடைத்தால், லீட்ஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் அதே கேள்வி வரும். சம்மந்தியார் பெருநாள் வாழ்த்தையே அதில்தான் தொடங்குகிறார்.

அன்றைக்கு நான் ஹஸ்னாவிடம், நல்லா இரிக்கி மகள், ஒரு குறையும் இல்லை என்றேன். பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குசினிப் பக்கம் மிதந்து போன செருப்புகளைப் பிடிக்க இறங்கினேன். ஒன்றுதான் கிடைத்தது.