ரெஸ்ட் அண்ணாச்சியும் காய்ச்சல் கண்ட கம்ப்யூட்டரும்

இயந்திரங்களை மதியம் தூங்கவைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ரெஸ்ட் அண்ணாச்சிதான். ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மதியம் ஒரு மணி ஆனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஃபேன், தராசு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். மகள் நிச்சயதார்த்தத்தன்று சாஸ்திரிகள் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கைத் தூங்கவைத்தவர்.

அவர் கடை மாடியில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அனிமேஷன் படித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்குக் கொச்சிக் கம்பெனி ஒன்று கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. மாலை ஐந்துக்குள் ஒரு சின்னப் படம் அனுப்ப வேண்டும். தவறினால் சொந்த ஊரான வித்துராவுக்குத் திரும்பி, மாமாவின் ரப்பர் ஷீட் கடையில் பில் போட வேண்டியதுதான்.

என்னுடையதோ கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டர். அன்று காலையிலிருந்து கிராபிக்ஸ் கார்டு சூடேறிச் சூடேறி, பாதிப் படத்தில் மொத்தமும் அணைந்துகொண்டே இருந்தது. நான் தரையில் காலை உதைத்த சத்தம் கேட்டு அண்ணாச்சி மேலே வந்தார். புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்.

“நல்ல பனி உண்டு மோளே.”

காய்ச்சலைத்தான் அப்படிச் சொன்னார். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே மூட்டை.

“ரெஸ்ட் குடு.”

“குடுத்தா என் வேலை போயிரும் அண்ணாச்சி.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். கார்டின் இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவே முடியாமல் சிக்கியிருந்தது. இடுக்கெல்லாம் சிவப்பு. கீழேயிருந்து ஏறிய மிளகாய்த் தூள் மெத்தையாகப் படிந்திருந்தது. கார்டை வெளியே எடுத்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தேன். கண்ணும் மூக்கும் ஒழுகின. அண்ணாச்சி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அவருக்கு அது ஆக்சிஜன்.

மறுபடி ஓடவிட்டேன். இரண்டு விசிறிகளும் சுற்றின. மிச்சமிருந்த தூள் கிளம்பியதில் கீழே சரக்கு வாங்க வந்தவர்கள் இருமியபடி தெருவுக்கு ஓடினார்கள். ஆனாலும் சூடு ஏறியது. எண்பது, எண்பத்தைந்து, எண்பத்தெட்டு. சிப்பின் மேல் தடவியிருக்கும் பசை காய்ந்துபோயிருக்க வேண்டும். அதை மாற்ற நேரமில்லை. கார்டின் வேகத்தைக் குறைத்துவிட்டு, “ஒரு டேபிள் ஃபேன் தாங்க” என்றேன். திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி தண்ணீர் சொட்டும் தோர்த்துத் துண்டோடு கார்டை நோக்கிக் குனிந்துகொண்டிருக்கிறார்.

பாய்ந்து கையைப் பிடித்தேன். ஒரு சொட்டு பெட்டியின் விளிம்பில் விழுந்து, நல்லவேளையாக வெளிப்பக்கம் வழிந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

“பனிக்கு நனச்ச துணிதானே போடுவோம்?”

“இதுக்குப் போட்டா செத்துரும் அண்ணாச்சி.”

பயந்துபோனார். தோர்த்தைத் தன் தலையில் கட்டிக்கொண்டு, கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்த ஃபேனைத் தானே தூக்கிவந்து வைத்தார். சூடு எண்பதில் நின்றது. ஆனால் குறைத்த வேகத்தில் படம் முடிய ஐந்து மணியை ஒட்டிவிடும். நடுவில் ஒரு நிமிஷம் நின்றாலும் போச்சு.

மணி ஒன்றாகப் போகிறது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். படியிறங்கினார். மாடிக்கும் சேர்த்து மெயின் சுவிட்ச் கீழேதான் இருக்கிறது. மேஜை விளிம்பைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே அவர் குரல் கேட்டது.

“இன்னிக்கு மெயின்ல ஒருத்தனும் கை வைக்கப்பிடாது. மேல நம்ம புள்ளைக்க ஜோலி ஓடுது.”

பிறகு மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்த ஜோலி கெடச்சா ரூம காலி பண்ணிருவியோ?”

“கொச்சிக்குப் போகணும் அண்ணாச்சி.”

அவர் தலையாட்டினார். பிறகு ஃபேனைக் கார்டின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

ஐந்துக்குச் சற்று முன்னால் படம் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது. கொச்சியில் ஏசி அறை, புத்தம்புதுக் கம்ப்யூட்டர், எல்லாம் இருக்கிறது. அண்ணாச்சிதான் பக்கத்தில் இல்லை.