எட்டுக்குப் பயந்து கப்பல் ஏறினேன்

எனக்கு எண் ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. எட்டாம் எண்ணிடம் மட்டும் பயம் உண்டு. இரண்டும் வேறு வேறு என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். அங்கே கற்றுக்கொண்ட கூட்டல் முழுவதையும் வண்டி நம்பர்களைக் கூட்டுவதிலேயே செலவழித்தவன். எந்த எண் கண்ணில் பட்டாலும் மனசு தானாகக் கூட்டி, ஒற்றை எண் ஆகும்வரை விடாது. எட்டு வந்துவிட்டால் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஒருமுறை பேரணாம்பட்டு போகவேண்டிய பஸ்ஸின் நம்பரைக் கூட்டினால் எட்டு வந்ததால் அதை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று மயங்கி விழுந்தேன். (சோடா தெளித்து எழுப்பியபோதும், அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் இன்னும் என்ன ஆகியிருக்குமோ என்றுதான் நினைத்தேன்.)

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பது என் வேலை. தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, மடிப்பு எல்லாம் பார்த்து நம்பர் போடவேண்டும். ஒன்றாம் நம்பர் உயர்ந்த சரக்கு. நம்பர் ஏற ஏறத் தரம் இறங்கும். ஆறு, ஏழு என்றால் ஒதுக்க வேண்டியதுதான். எட்டாம் நம்பர் எங்கள் கம்பெனியில் கிடையாது. இருபத்தேழு வருடம் நான் அங்கே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீண்ட காலம் வேலை பார்த்த பத்துப் பேரை ஜோடியாகக் கப்பலில் அழைத்துப் போவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிக் காட்டி, ஏற்றின இடத்திலேயே இறக்கிவிடுவார்களாம். பத்தில் நானும் ஒருவன். வீட்டில் சொன்னதும் என் மனைவி கஸ்தூரி மெஷினை நிறுத்தினாள். அவள் வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவள். வீடு சின்னது. மெஷின் போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது சுவரை ஒட்டி. இருபது வருடமாக அவள் மூக்குக்கு நேராக அந்தச் சுவர்தான்.

"ஏங்க, ரூம் கேட்டாங்கன்னா ஜன்னல் இருக்கிறதா பாத்துச் சொல்லுங்க. படுக்கையில இருந்துக்கினே கடலப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்டது அநேகமாக அது ஒன்றுதான்.

மறுநாள் கேன்டீன் சுவரில் கப்பலின் படத்தை ஒட்டி, ஆபீசில் வேலை செய்கிற ரம்யா என்ற பெண் விளக்கினாள். நீலக் கட்டம் என்ன, சாம்பல் கட்டம் என்ன என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் அறை நம்பர்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பாதிகூட முடியவில்லை, என் முறை வந்துவிட்டது.

"அண்ணே, எந்த ரூம் வேணும்?"

ஐம்பது பேர் சாப்பாட்டுத் தட்டோடு என்னையே பார்த்தார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"சரி, நல்ல ரூமா நானே போட்டுடறேண்ணே" என்று அவள் ஒரு நீலக் கட்டத்தில் என் பெயரை எழுதி, சீட்டையும் கையில் கொடுத்துவிட்டாள். 5786. அஞ்சும் ஏழும் பன்னிரண்டு, எட்டைச் சேர்த்தால் இருபது, ஆறைச் சேர்த்தால் இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. போதாததற்கு நடுவிலேயே ஒரு எட்டு உட்கார்ந்திருந்தது. கடல், அதில் ஒரு கப்பல், அதில் இரண்டு எட்டு. அன்றைக்குப் புளிசாதம் உள்ளே இறங்கவில்லை.

டீ இடைவேளையில் அஸ்லம் பாயைப் பிடித்தேன். தோல் வெட்டுகிற மெஷினில் வேலை செய்பவர், என் பழைய தோஸ்த். அவரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்.

"பாய், உன் ரூம் நம்பர் இன்னா?"

"ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தொண்ணு. ஏன்பா?"

கூட்டினேன். ஒன்பது. அடடா.

"மாத்திக்கலாமா?"

"உன்து இன்னா?" என்று சீட்டை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஏகாம்பரம், இதுல இன்னா இருக்குதுன்னு பாத்தியா?"

"பாத்துட்டுதான் கேக்கறேன்."

"ஏழு எட்டு ஆறுபா."

எங்கள் ஊரில் ஆட்டோ முகப்பிலும் கடைப் பலகையிலும் பாய்மார்கள் ராசிக்காக எழுதி வைத்திருக்கிற அதே 786. தினமும் நூறு தடவை பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் இருபத்தொன்று, மூன்று, பரவாயில்லை என்று கடந்து போயிருக்கிறேனே தவிர, என் சீட்டில் அது உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

"ஷாஹிதா பாத்தான்னா அழுதே பூடுவா" என்றார் பாய். ஷாஹிதா அவர் மனைவி. "ஆனா நல்லா யோசிச்சுக்கோ. இதுல பால்கனி இருக்குது. என்துல இல்ல. உனக்குத்தான் நஷ்டம்."

நான் யோசித்தேன். கஸ்தூரி கேட்டது ஜன்னல். பால்கனி எதற்கு, நடுக்கடலில் துணி காயப்போடவா? ஜன்னல் எல்லா அறையிலும் இருக்கத்தானே செய்யும், ஜன்னல் இல்லாமல் யாராவது அறை கட்டுவார்களா? அதோடு அவருடையது இரண்டாயிரம், என்னுடையது ஐயாயிரம். என் தொழில் கணக்குப்படி இரண்டு என்றால் ஒசத்தி, ஐந்து என்றால் மட்டம். விவரம் தெரியாத மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே உறுத்தியது. அந்தக் குற்ற உணர்ச்சியில் அவருக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

ரம்யாவிடம் போய் மாற்றி எழுதச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாளே, என்ன சொல்வது? கப்பலில் ஏறியதும் சாவி அட்டைகளை மாற்றிக்கொண்டால் ஆயிற்று என்று முடிவு செய்தோம். கஸ்தூரியிடமும் சொல்லவில்லை. (சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்.)

துறைமுகத்தில் ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்து, பெயர் போட்ட அட்டை கொடுத்தார்கள். கதவு திறக்கிற சாவியும் அதுதான். கஸ்தூரியின் அட்டையை "தொலைச்சிடுவ, குடு" என்று வாங்கி, கழிவறைப் பக்கம் ஒதுங்கி, பாயிடம் இரண்டைக் கொடுத்து இரண்டை வாங்கிக்கொண்டேன். பிறகு லிப்டில் ஏறினோம். லிப்ட் கீழே இறங்கியது.

"எல்லாரும் மேல போறாங்க, நாம மட்டும் இன்னாங்க கீழ போறோம்?"

"கீழன்னாதான் கடல் கிட்டக்க இருக்கும்."

நீளமான நடை. ஒரு பக்கம் இயந்திரம் உறுமும் சத்தம். கடைசியில் எங்கள் கதவு. உள்ளே குறை சொல்ல முடியாது: வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, எதிரே மேலிருந்து தரைவரை தொங்கும் நீலத் திரை. கஸ்தூரி பையை வைத்தாள். முகம் கழுவினாள். பொட்டைச் சரிசெய்தாள். சம்பந்தி வீட்டாரைப் பார்க்கப் போகிற மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை மெதுவாக விலக்கினாள்.

பின்னால் சுவர்.

அவள் நகரவில்லை. கையை வைத்துத் தடவினாள். விரலால் தட்டியும் பார்த்தாள்.

"ஏங்க."

"ம்."

"சுவருங்க."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பெரிய மனுஷன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"காலையில திறப்பாங்க."

ஆறாம் நம்பர் தோலை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தாள் என்னை. மேற்கொண்டு கேட்பதற்குள் காது கிழிய மணி அடித்தது. கப்பல் கிளம்புமுன் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடி, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு ஆபத்து ஏற்கெனவே வந்துவிட்டதுதான் யாருக்கும் தெரியாது.

கூடத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். எங்களைக் கூட்டி வந்த மேனேஜரும் ரம்யாவும் இருந்தார்கள். வெள்ளை உடுப்பு போட்ட ஒருவர் என் அட்டையைக் கருவியில் காட்டினார். அதில் அஸ்லம் பாயின் முகம் தாடியோடு வந்தது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தாடி எங்கே போயிற்று என்று தேடுகிற பார்வை அது. தாடியை எடுத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை விட்டுவிட்டு, பட்டியலில் இன்னும் வராத பெயருக்காக மைக்கைப் பிடித்தார்.

"மிஸ்டர் ஏகாம்பரம். கேபின் ஃபைவ் செவன் எயிட் சிக்ஸ்."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். கையில் இருப்பது பாயின் அட்டை. எப்படிக் கை தூக்குவது? மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அஸ்லம் பாய் என்னைக் காப்பாற்றும் எண்ணத்தோடு கம்பீரமாகக் கை உயர்த்தினார்.

"யெஸ் சார். நான்தான் ஏகாம்பரம்."

தாடியும் தொப்பியுமாக அவர் அப்படிச் சொன்னதும் எங்கள் கம்பெனிக் கூட்டம் மொத்தமும் திரும்பியது. அடுத்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் நாலு பேரும் நடுவில் நிறுத்தப்பட்டிருந்தோம். ரம்யா ஓடி வந்தாள். கணக்குச் சரியாகாமல் கப்பல் கிளம்பாதாம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊரே நிற்கிற மாதிரி இருந்தது.

"பேஜார் ஆயிடுச்சுபா, சொல்லிட்றேன்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எட்டையும் சொன்னார், சமோசாவையும் சொன்னார். கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எட்டுக்காகவா எனக்குச் சுவத்தக் காட்டினீங்க?"

நான் கீழே பார்த்தேன். நல்ல தரைவிரிப்பு.

"நம்ம கல்யாணம் எந்தத் தேதி? பதினேழு. ஒண்ணும் ஏழும் எவ்ளோ? அன்னிக்குக் கூட்டிப் பாக்கலியா?"

கூட்டத்துக்கு நடுவே அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், அப்போது பார்த்து உண்மையைப் பேசினேன்.

"பாத்தேன்."

கூடம் சிரித்தது. மேனேஜர் சிரித்தார். மொழி புரியாத வெள்ளை உடுப்பும் சிரித்தார். 'கூட்டிப் பார்த்தேன், பயந்தேன், இருந்தாலும் உன்னை விட மனசு வரவில்லை' என்று அடுத்த வரியைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த வரி எனக்கு வந்தது, ஊர் திரும்பும்போது, வாலாஜாபேட்டை தாண்டி.

வெள்ளை உடுப்பு ஒரு தாளை நீட்டினார். யாருக்கு எந்த அறை என்று இப்போதே முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ரம்யா விளக்கினாள். ஷாஹிதா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, உங்க ரூமு, நீங்களே எடுத்துக்கங்க" என்று கஸ்தூரியிடம் நீட்டினாள். வாங்கினால் அவளுக்கு 786 போச்சு. வாங்காவிட்டால் கஸ்தூரிக்குக் கடல் போச்சு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தரைவிரிப்பைப் பார்த்தேன்.

கஸ்தூரி ஷாஹிதாவின் கையைப் பிடித்தாள்.

"இதுல கஷ்டம் இன்னா இருக்குது? நாம ரெண்டு பேரும் மேல. இந்த ரெண்டு ஆம்பளைங்களும் கீழ. எழுதிக்கம்மா ரம்யா."

எழுதிக்கொண்டாள். கப்பல் கிளம்பியது.

கூட்டினால் ஒன்பது வருகிற அந்த அறையில் நான் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். குளியலறைப் படியில் கால் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டேன். பாய் விட்ட குறட்டையில் இயந்திரச் சத்தம் கேட்காமல் போனது ஒன்றுதான் லாபம். விடிந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. பாய் தொழுகைக்கு வைத்த அலாரத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடிந்தது.

மேலே நாஷ்டா சாப்பிடுகிற இடத்தில் பெண்கள் இருவரும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"படுத்துக்கினே பாத்தேன்" என்றாள். டீயைக் கலக்கிக்கொண்டே, "ரெண்டு எட்டும் கூடத்தான் இருந்துச்சு. ஒண்ணும் பண்ணல" என்றாள்.

போனில் ஒரு படம் காட்டினாள். பால்கனிக் கண்ணாடித் தடுப்பில் தூக்கி வைத்த நாலு வெறும் கால்கள், அவற்றுக்கு நடுவே சிவப்பாகச் சூரியன். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு இரண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தையல் மெஷினுக்கு எதிரே, அந்தச் சுவரில் இருந்தது.

நான் சொன்ன பொய் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. கரண்ட் போனால் மகள், "காலையில திறப்பாங்க" என்பாள். பால்காரர் வராவிட்டாலும், பீரோ சாவி காணாவிட்டாலும் அதேதான். மாப்பிள்ளை வந்த இரண்டாம் நாளே கற்றுக்கொண்டார். அஸ்லம் பாய் கம்பெனியில் பரப்பிவிட்டார்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் யாரையும் கேட்காமல் மேஸ்திரியைக் கூப்பிட்டு, மெஷினுக்கு எதிரே சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தேன். படத்தைப் பக்கத்தில் நகர்த்தி மாட்டினேன். கஸ்தூரி வந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் கதவைத் திறந்தாள். எதிரே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் ஒரு லுங்கி, மேலே கொஞ்சம் வானம்.

"கடல் எங்கங்க?" என்றாள்.

"காலையில திறப்பாங்கம்மா" என்று உள்ளேயிருந்து மகள் சொன்னாள்.

கஸ்தூரி சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். புது வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது. நான் ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு தானாக எண்ணியது. எட்டு.

வாயைத் திறக்கவில்லை.