தூக்க ஒழிப்பு முகாம், 1978

உலக விமான வரலாற்றிலேயே தூக்கத்தை ஒழித்த ஒரே நிறுவனம் எங்கள் 'ககன வீதி' விமானக் கம்பெனிதான். அதன் பயிற்சி அதிகாரி என்ற முறையில் இந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. தன்னடக்கம் கருதிப் பாதிதான் சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் விமானம் ஒன்று ஓடுபாதை வரும் முன்பே தரையைத் தொட்டுவிட்டது. நாற்பத்தொரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். விமானி இருபது மணி நேரமாகத் தூங்கவில்லை, துணை விமானிக்குப் புதுக் கருவிகள் பழக்கமில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. கம்பெனி பதறிப்போய் எட்டே மாதத்தில் நடவடிக்கை எடுத்தது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வீடு பிடித்து, மூன்று நாள் 'விழிப்பு முகாம்' நடத்தச் சொன்னது.

மெட்ராஸிலிருந்து மரப்பெஞ்சு வேனில் ஐந்து மணி நேரம் குலுங்கி வந்தது 'ஓய்வு' என்று பதிவாயிற்று. உட்கார்ந்துதானே வந்தார்கள்? வெயிலில் எட்டரை மைல் கிரிவலம், 'உடற்பயிற்சி'. இரவெல்லாம் பாடம். பகலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கருவிகளை வரைந்து, நாற்காலி போட்டு, விமானம் இறக்கினோம். துணை விமானி அப்பாதுரையின் கால் பட்டு, உயரம் காட்டும் கருவி அழிந்துவிட்டது.

"சார், எவ்ளோ உயரத்துல இருக்கேன்னே தெரியலையே!"

"தைரியமா இறக்குங்க. கீழ சிமெண்டுதான்."

மூன்றாம் நாள் காலை, முகாமில் இருந்த விமானி கேப்டன் கோதண்டராமன் என்னிடம் வந்தார். அன்று மாலையே எண்பது பேரை ஏற்றிக்கொண்டு அவர் மெட்ராஸிலிருந்து பறக்க வேண்டும்.

"மூணு நாளா தூக்கமே இல்ல சார். வேற ஆளைப் போடுங்க. இல்லேன்னா ரெண்டு மணி நேரமாவது படுக்க விடுங்க."

"தூங்கவா உங்களை இவ்ளோ தூரம் கூட்டினு வந்தோம்? 'பூரண ஓய்வு பெற்றேன்'னு இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா வேலை இருக்காது."

பாவம், போட்டார்.

புறப்படும் நேரத்தில் வேன் டிரைவர் மண்ணாங்கட்டி சாவியை என் மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு ராத்திரியா கிளாஸுக்கு டீ போட்டுக் குடுத்துனு முழிச்சினே இருக்கேன் சார். கண்ணு சொருவுது. ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்தாதான் வண்டிய தொடுவேன். சீட்டைக் கிழிச்சாலும் சரி!"

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பாயை விரித்து, ஃபேனையும் போட்டுவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் வீணாகாமல் கோதண்டராமனுக்கு 'தூக்கத்தை வெல்வது எப்படி?' என்று கூடுதல் வகுப்பு எடுத்தேன்.

பாதி வகுப்பில் அவர் சிவந்த கண்ணோடு கேட்டார்.

"வேன்ல ஒன்பது பேர். என் விமானத்துல எண்பது பேர் சார். அவனுக்கு மட்டும் தூக்கம், எனக்கு இல்லையா?"

படித்த மனுஷனுக்கு இதுகூடவா புரியாது?

"வேன்ல நானும் வரேனே, கேப்டன்!"