முப்பெருந் தீவியர்

வில்லன்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று ஜீவானந்தம் முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிழக்குத் தாம்பரத்தில், ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில்.

மாதம் ஒருமுறை அங்கே காமிக்ஸ் வாசகர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் நடுத்தர வயது. பெரும்பாலும் தொப்பை. வீட்டில் 'ஆபீஸ் மீட்டிங்' என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் ஜீவானந்தத்துக்குத் தனி மரியாதை. நாவலூரில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறார். அங்கே அவர் வாயைத் திறந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊரப்பாக்கம் வீட்டில் வாயைத் திறக்கவே வாய்ப்பதில்லை. சேர்த்து வைத்ததை எல்லாம் இந்த மாடியில்தான் கொட்டுவார்.

அன்றைக்குப் பேச்சு, கெட்டவர்களாகவே பொறுக்கியெடுத்து ஒரு படை அமைக்கும் கதைகளைப் பற்றி.

"அட்டையப் பாத்தா ஆவலா இருக்கு. முடிச்சா புஸ்ஸுனு போயிடுது. ஏன் சார்?" என்று கேட்டார் ஜெபகுமார். கூட்டத்தை நடத்துபவர் அவர்தான்.

ஜீவானந்தம் எழுந்து நின்றார். "எழுதறவனுக்குத் தைரியம் இல்ல ஜெபா! அட்டையில 'உலகின் கொடிய அறுவர்'னு போடறான். பத்தாவது பக்கத்துல ஒருத்தன் நாய்க்குட்டிக்குப் பால் ஊத்தறான். இருபதாவது பக்கத்துல இன்னொருத்தன் அம்மாவ நெனச்சு அழறான். கடைசியில ஆறு பேரும் சேந்து பள்ளிக்கூடம் கட்டறான். ஏமாந்தது யாரு? வாசகன்! கெட்டவன்னா கெட்டவனா இருக்கணும். காரணம் கீரணமெல்லாம் கேக்கப்படாது!"

கைதட்டல் மாடியைத் தாண்டிக் கேட்டது.

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதுங்களேன் சார்" என்றார் ஜெபகுமார்.

"நான் வரையறேன்" என்றான் ஜோஷ்வா. நாவலூரில் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓவியன்.

சரி என்று சொல்லிவிட்டார். மின்சார ரயிலில் ஏறிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. வாழ்க்கையில் அவர் ஒரு கெட்டவனைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். எதிர்வீட்டு பால்கனியிலிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், ஞாயித்துக்கெயமைல ஆபீஸ் மீட்டிங்கா? தாம்பரத்துல பஜ்ஜி துன்னுக்கினு இருந்தீங்களாம், என் தம்பி பாத்துக்கினு வந்தான்."

படியேறும்போது போன் அடித்தது. தங்கை ஜான்சி. "அண்ணா, காலைலேந்து கூப்பிடறேன். எடுக்கல. உயிரோட இருக்கியான்னு அண்ணிகிட்ட கேட்டேன். 'தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்'னாங்க."

கதவைத் திறந்தாள் மனைவி ஜெரூஷா. தாம்பரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் இருந்த பஜ்ஜிக் கறையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜீவானந்தத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வில்லன்களைத் தேடி எங்கெங்கோ அலைய இருந்தாரே! வாசலில் ஒன்று, போனில் ஒன்று, சமையலறையில் ஒன்று.

தேவியர் என்பதில் ஓர் எழுத்தைத்தான் மாற்றினார். 'முப்பெருந் தீவியர்' பிறந்துவிட்டது.

தலைவி ஊசிராணி. ஊசியால் குத்துவாள்; குத்தாத நேரத்தில் மௌனத்தால் குத்துவாள். அடுத்தவள் கழுகுக்கண்ணி, பால்கனியில் நின்றபடியே ஊர் முழுக்க வேவு பார்ப்பவள். மூன்றாமவள் அலைபேசி அரக்கி. அவள் அழைத்து எடுக்காதவன் பிழைத்ததில்லை. இவர்களை எதிர்த்துத் தன்னந்தனியாக நிற்கும் நல்லவன், வல்லவன், வீரானந்த். ஜீவானந்தம் என்ற பெயரில் உயிரை எடுத்துவிட்டு வீரத்தைச் சேர்த்திருந்தார்.

குழுவின் முகநூல் பக்கத்தில் முதல் அத்தியாயம் வெளியானது. சிரித்து மாளவில்லை என்று எழுதினார்கள். அதிகம் பேர் சிரித்தது குழாய்க் காட்சிக்கு. ஊசிராணி குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். குழாய்த் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து ஊரே மூழ்குகிறது. வீரானந்த் கதவைத் தட்டி, 'தண்ணி வீணாப் போகுது!' என்று கர்ஜித்து ஊரைக் காப்பாற்றுகிறான். அந்தக் கட்டத்தைப் பலர் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே நடந்ததுதான். இவ்வளவு பயன்படும் என்று அன்றைக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஜீவானந்தம் பூரித்தார்.

இரண்டாம் அத்தியாயத்துக்குச் சிரிப்பு குறைந்தது. மூன்றாவதற்கு ஜெபகுமாரே போன் செய்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மூணு பேரும் கெட்டவங்க, சரி. எதுக்குக் கெட்டவங்க? அவங்களுக்கு என்னதான் வேணும்? அதுங்க மூணும் ஏன் ஒண்ணா இருக்கு? வீரானந்த் ஒரு தப்பும் பண்ணாம நெஞ்ச நிமித்திக்கிட்டே நிக்கறான். போர் அடிக்குது சார்."

காரணம் கேட்கக்கூடாது என்று சொன்ன வாய் காரணம் தேட வேண்டி வந்தது. உட்கார்ந்து யோசித்தார். ஜெரூஷா ஏன் பேசாமல் இருக்கிறாள்? கல்யாணம் ஆனதிலிருந்து கூடவே இருக்கிறார், தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போனார்.

"ஜெரூ, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன் கதை எழுதறான். அதுல ஒரு பொம்பள. புருஷன்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டா."

ஜெரூஷா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏனாம்?"

"அதான் தெரியல."

"எழுதறவருக்கே தெரியலையா?"

"தெரியலையாம்."

"பாவம்" என்றாள். அடுத்த காயை எடுத்தாள். பிறகு, "எங்க லேப்ல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு, ஸ்கூட்டர்ல அவங்க ஏறி உக்கார்றதுக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டாராம். வண்டலூர் சிக்னல் வரைக்கும் பின்னாடி ஆள் இருக்கற நெனப்புல பேசிக்கிட்டே போயிருக்காரு."

ஜீவானந்தம் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குக்கூட பெருங்களத்தூர்ல ஒருவாட்டி அப்படி ஆச்சுல்ல? ஆனா நான் திரும்பி வந்துட்டேன்."

"வந்தீங்க. நான் போன் பண்ணினப்புறம்."

அது அவர் காதில் விழவில்லை. கதை ஓட ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு லேப் அக்கா ஊற்றெடுத்தாள். அக்காவுக்குப் பெரிய மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்ததாம். 'ராத்திரி ஷிப்ட் எல்லாம் நமக்கு எதுக்கு' என்று புருஷனே அவர்களுக்குப் போன் போட்டு வேண்டாமென்றுவிட்டானாம். அக்காவின் அம்மா தனியாக இருந்தாராம். கூட வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டாளாம். 'பார்க்கலாம்' என்றானாம். தீபாவளி முடியட்டும், பார்க்கலாம். பொங்கல் முடியட்டும், பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தானாம். கடைசியில் அக்காவின் தம்பி வந்து அம்மாவை வெளியூருக்கு அழைத்துப் போய்விட்டானாம்.

ஜீவானந்தத்துக்கு ரத்தம் கொதித்தது. "மனுஷனா அவன்? அந்த ஆள மட்டும் நான் நேர்ல பாத்தேன்னா!"

ஜெரூஷா முதல் முறையாகக் கத்தியைக் கீழே வைத்தாள். அவரை நன்றாகப் பார்த்தாள். "பாத்தா?"

"நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுடுவேன்."

"கேளுங்க" என்றாள். மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் எழுதினார். ஊசிராணிக்குக் கொடுமை செய்ய ஒருவன் வேண்டும். கையில் இருந்தது வீரானந்த் மட்டும்தான். அவன் தலையில் கட்டினார். ஜான்சி போன் செய்தபோது, பேச்சுவாக்கில், அண்ணன்கள் போனை எடுக்காவிட்டால் தங்கைகள் யார்யாரிடம் எல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றாள். அதுவும் கதையில் ஏறியது. பால்கனிக்காரி எட்டிப் பார்ப்பதே எதிர்வீட்டில் ஒருத்தி தனியாக அழும்போது போய்க் கதவைத் தட்டத்தான் என்று கன்னியம்மா ஏதோ சினிமாக் கதை மாதிரிச் சொன்னாள், அதையும் சேர்த்துக்கொண்டார்.

கதை பற்றிக்கொண்டது. வாசகர்கள் மூவரையும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஒரே ஒரு கேள்விதான் வாராவாரம் வந்தது: 'இந்த வீரானந்தை எப்போது தீர்த்துக்கட்டப் போகிறார்கள்?'

புத்தகமாகவே போட்டுவிடலாம் என்றார் ஜெபகுமார். அதே மாடியில் வெளியீடு வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம். ஜீவானந்தம் புதுச் சட்டையில், வீட்டில் வழக்கம்போல 'ஆபீஸ் மீட்டிங்' சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பி வந்து, மைக்கைப் பிடித்தார்.

"கெட்டவர்களைப் படைப்பது எப்படி என்றால்..."

படியில் செருப்புச் சத்தம். கன்னியம்மா மேலே வந்தாள். பின்னால் ஜான்சி. அவளுக்குப் பின்னால், பட்டுப் புடவையில் ஜெரூஷா. மூவரும் நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒரு வாசகர் எழுந்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்த ஜோஷ்வா, கண்ணாடி முதல் கன்னத்து மச்சம் வரை ஒன்றையும் வரையாமல் விட்டுவைக்கவில்லை.

"ஊசிராணி!" என்று அலறினார் அவர்.

மாடியே எழுந்து நின்றது. செல்ஃபி எடுக்க நெருக்கியடித்தார்கள். ஜீவானந்தம் மைக்கோடு தனியாக நின்றார். ஓடலாம் என்றால் படிக்கட்டு முன்வரிசைக்கு அந்தப் பக்கம்.

"என் பால்கனில தொங்குற பாவக்கா கொடிகூட அப்டியே கீதுபா" என்று கன்னியம்மா ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். "மொத வாரமே பாத்துட்டோம். மூக்கு மட்டும் எனக்கு இம்மாம் பெருசு இல்ல."

மொத வாரமே. ஜீவானந்தத்துக்குக் காது மடல் சூடேறியது.

"மேடம்" என்று கேட்டார் ஜெபகுமார், "மொதல்ல சப்புனு இருந்த கதை பின்னாடி எப்படி மேடம் இப்படி ஆச்சு?"

ஜெரூஷா உட்கார்ந்தபடியே சொன்னாள். "மொதல்ல அவரு நல்லவர்னு காட்டறதுக்காக எங்களக் கெட்டவங்களாக்கி இருந்தாரு. அத எவ்வளவு நேரம் படிக்க முடியும்? அப்புறம் லேப் அக்கா வந்தாங்க."

"யாரு மேடம் அந்த லேப் அக்கா?"

"எங்க லேப்ல நான் ஒருத்திதான்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. ஜீவானந்தத்துக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வண்டலூர் என்றால் பெருங்களத்தூர். வெளியூர் என்றால் மைத்துனன் இருக்கும் ஓசூர். மனுஷனா அவன்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டிய ஆள் புதுச் சட்டை போட்டு மைக் பிடித்து நிற்கிறான்.

"ஆனா மேடம், அந்தக் குழாய் சீன் இருக்கே, செம காமெடி!" என்றார் பின்வரிசைக்காரர்.

ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"அது நான் குடுத்தது இல்ல. அத அவராவே எடுத்துக்கிட்டாரு" என்றாள் ஜெரூஷா.

அது, பீர்க்கன்கரணை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஜெரூஷாவின் அம்மா மகனோடு ஓசூர் போன நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஜெரூஷா நேராகக் குளியலறைக்குள் போனாள். குழாய் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. இவர் வெளியே நின்று கதவைத் தட்டினார். 'தண்ணி வீணாப் போகுது!' உள்ளே உடனே குழாய் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூட வரவில்லை. அத்தனை பேர் அதைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்திருக்கிறார். பலர் இன்னும் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள். மைக்கை உயர்த்தினார். 'நன்றி' என்று மட்டும் சொன்னார். அது யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, இரும்புலியூர் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"ஜெரூ. அந்தக் கட்டத்த எடுத்துடச் சொல்றேன். புத்தகத்துலேந்தும்."

"ஜோஷ்வாகிட்ட சொல்லியாச்சு. அடுத்த பதிப்புல இருக்காது."

"அத்தைய நம்மகூடவே கூட்டிட்டு வந்துடலாம். நானே ஓசூர் போறேன்."

"அம்மா மத்தியானமே வந்துட்டாங்க. ஜான்சிதான் நேத்தே ஓசூர் போய்க் கூட்டிட்டு வந்தா. உங்க காமிக்ஸெல்லாம் அடுக்கியிருந்த சின்ன ரூம்ல கட்டில் போட்டாச்சு. கன்னியம்மா அக்கா ஆள் வெச்சு, எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டாங்க. நீங்க மீட்டிங்ல பிஸியா இருப்பீங்கன்னு கேக்கல."

வண்டி லேசாக ஆடியது. சமாளித்தார். கோபப்படலாமா என்று உள்ளே தேடிப் பார்த்தார். ஒரு பொட்டுகூட அகப்படவில்லை.

"கதைய நிறுத்திடறேன்" என்றார். "இனிமே எழுத மாட்டேன்."

"எப்படி நிறுத்தறது? அவ்வளவு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த அத்தியாயம் நாங்க மூணு பேரும் சேர்ந்து எழுதிட்டோம். ஜோஷ்வா வரைஞ்சுகிட்டு இருக்கான்."

வண்டலூர் மேம்பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுல... நான் வர்றேனா?"

"ஒரு கட்டத்துல வர்றீங்க. பால் பாக்கெட் வாங்கிட்டு வருவீங்க."

"வசனம்?"

"இல்ல" என்றாள் ஜெரூஷா. "முதுகு மட்டும்தான் தெரியும்."