மாப்பிள்ளையைக் கடலில் வைத்துப் பார்த்த விவரம்

காயல்பட்டினம்,
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

என் மீது பாசத்தையும் அதைவிட அதிகமாகக் கோபத்தையும் வைத்திருக்கும் உம்மு ஹானி ராத்தா அவர்களுக்கு, தம்பி ஸதக்கத்துல்லாஹ் ஸலாம் கூறி எழுதுவது. மண்ணடியில் நீங்களும் மச்சானும் பேரப்பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஹாஜரா பீவியும் மகள் ருமைஸாவும் சுகம். நான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவது இருபது நிமிடம் ஓடுவதால் நீங்கள் கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறீர்கள் என்று உங்கள் மருமகள் மூலம் தெரியவந்தது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

நீங்கள் கொண்டுவந்த முஜாஹித் சம்பந்தத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று போன வாரம் கோபப்பட்டீர்கள். நியாயமான கோபம்தான். பிள்ளை கப்பலில் மூன்றாம் எஞ்சினியர், இருபதாம் தேதி மறுபடியும் கப்பல் ஏறுகிறார், அதற்குள் நாள் குறித்தாக வேண்டும், ருமைஸாவும் அவரோடு பேசிவிட்டுச் சரி என்றுவிட்டாள், பாக்கி என் வாய் மட்டும்தான். ஆனால் நம் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறவர் இல்லையா? லீவுக்கு வரும் போதெல்லாம் நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு டீ குடித்து ஆளை எடை போட முடியுமா? அதனால் எழுந்து போக வழியில்லாத இடமாகப் பார்த்து உட்காரவைக்கலாம் என்று நேற்றுக் காலை அவரை நான் புதிதாக வாங்கியிருக்கும் படகில் கடலுக்குக் கூட்டிப் போனேன்.

படகின் எஞ்சினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன எஞ்சின்தான், படகின் பின்பக்கம் மாட்டுவது. காலடியில் சிவப்புப் பெட்ரோல் டேங்க். அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர் குழாய், குழாயின் நடுவில் மாங்காய் அளவில் ஒரு ரப்பர் உருண்டை. அதைக் கையால் பிசைந்தால் பெட்ரோல் ஏறும். எனக்குப் படகு ஓட்டப் பழக்கிய ஸ்டெபின் தனியாகப் போனால் இந்த எஞ்சின் மணப்பாடு வரை போய்த் திரும்பும். நான் தனியாகப் போனால் பத்து நிமிடத்தில் இருமிவிட்டு நின்றுவிடும். ஸ்டெபின் அதற்கு என்னவோ சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறான் என்றே மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவன் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டான். நானும் முஜாஹிதும்தான்.

புறப்பட்டதும் பிள்ளை வடக்கே கை காட்டினார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் காத்துக் கிடந்தன. "அங்கன நிக்குற மாதிரிக் கப்பல்தான் மாமா நம்மளது. எஞ்சினே மூணு மாடி உயரம். உள்ள ஏணி வச்சு இறங்கித்தான் வேலை செய்வோம்" என்றார். எஞ்சினுக்குள் மனுஷன் ஏணி வைத்து இறங்குவதா, சுப்ஹானல்லாஹ் என்று நான் வாயைப் பிளந்த நேரத்தில் என் எஞ்சின் இருமியது, நின்றது. கடல் எவ்வளவு பெரியது என்பது எஞ்சின் ஓடும்போது தெரிவதே இல்லை ராத்தா. நின்ற பிறகுதான் தெரிகிறது. நாலா பக்கமும் தண்ணீர், சத்தம் என்று ஒன்று கிடையாது, என் நெஞ்சடிப்பு எனக்கே கேட்டது. பிள்ளை குனிந்து ரப்பர் உருண்டையைத் தொட்டார். அது சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாமா, அங்கன தெரியுறது திருச்செந்தூர் கோபுரமா, பாருங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம். கயிற்றை இழுத்தார், எஞ்சின் ஓடியது. என்ன கோளாறு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, மூச்சு வாங்கிருச்சு" என்கிறார்.

ஓடியதும் பெட்ரோல் வாசனை என் மூக்கில் ஏறியது. துபாயில் முப்பத்தொரு வருஷம் அத்தர் கடை வைத்திருந்தவன் மூக்கு அல்லவா. எந்த மூடி லேசாகத் திறந்திருந்தாலும் என் கை தானாகப் போய் இறுக்கிவிடும். வாசனை போனால் சரக்குப் போயிற்று என்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு. டேங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அது தளர்ந்திருந்தது. கைக்குட்டையை வைத்துப் பிடித்து இறுக்கினேன். பத்து நிமிடத்தில் எஞ்சின் மறுபடி நின்றது. இந்தத் தடவை, "அந்தக் கப்பல்ல எந்த நாட்டுக் கொடின்னு தெரியுதா மாமா?" பார்த்தேன், உஸ், ஓடியது. வாசனை வந்தது, இறுக்கினேன், நின்றது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், ஃபில்டரைப் பாருங்கள் என்றேன், பார்த்தார். பிளக்கில் கரி என்றேன், கழற்றித் துடைத்தார். நான் திட்டித் திட்டிச் சொன்னதற்கெல்லாம் "சரி மாமா". மூன்றாவது தடவை நின்றபோது என் மனசில் தீர்மானம் பண்ணிவிட்டேன்: மூணு மாடி எஞ்சினுக்குள் இறங்குகிறவருக்கு முழங்கால் உயர எஞ்சினைச் சரிபண்ணத் தெரியவில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம். நான்காவது தடவை நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துப் போய்விட்டது, கோபுரத்தின் நிலைகளை எண்ண முடிந்தது, மரண வேளையில் ஓதும் யாசீனையே நான் ஓத ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது தடவை ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் அந்தத் திருகை இறுக்கினேன். எப்படியோ கரை வந்தோம்.

பூசை முடிந்து தேய்த்த சட்டையோடு ஸ்டெபின் அங்கே நின்றான். "நீ பழக்கிய எஞ்சின் என்னைக் கொல்லப் பார்த்தது" என்று பிடித்துக்கொண்டேன். அண்ணன் என்னாமல் நம் ஊர் முறைப்படி காக்கா என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான்; டேங்க் மூடியில் விரலை வைத்தான்.

"காக்கா, இந்தத் திருக யாரு மூடுனது?"

"நான்தான். வாசனை போகுதுல்லா."

"போகத்தான் செய்யும். அது வழியாத்தான டேங்குக்குள்ள காத்து போவணும். காத்து உள்ள போவாம பெட்ரோல் எப்படி வெளிய வரும்? மூடுனா உருண்டை சப்பையாப் போவும், பத்து நிமிஷத்துல எஞ்சின் நிக்கும்." திருகை விரலால் தளர்த்தினான். "இத மூடி வச்சுக்கிட்டு நீங்க திரும்பி வந்திருக்கவே முடியாது. யாரோ திறந்து விட்டுக்கிட்டே வந்திருக்காவ."

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். முஜாஹித் கை அழுக்கைத் துடைத்தபடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு தடவையும் நீங்கதானா தம்பி?"

"ஆமா மாமா. அஞ்சாவதுக்குப் பொறவு நீங்க சரியா இறுக்கல. அதான் வந்து சேந்தோம்."

ராத்தா, ஊசி நுழையும் அளவு துவாரம், அதில் போகிற காற்றில் ஓர் எஞ்சினின் உயிர் இருக்கிறது என்பது ஒரு அதிசயம் என்றால், அதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, ஒரு கிழவனின் முகம் வாடக்கூடாது என்று ஐந்து தடவை கோபுரத்தையும் கொடியையும் காட்டி, திட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தாரே, அது அதைவிடப் பெரிய அதிசயம். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை நாட்டு மனிதருக்கு அத்தர் விற்றிருக்கிறேன், இப்படி ஒரு பொறுமையைப் பார்த்ததில்லை. ராத்திரி தொழுகைப் பாயில் அதை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே இந்தச் சம்பந்தம் எனக்கு முழுச் சம்மதம். இருபதாம் தேதிக்கு முன்னால் நாளைக் குறித்துவிடுங்கள். மச்சானுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் கோபம் குறைந்து ஆயுள் நீள வல்ல நாயன் அருள் புரிவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
ஸதக்கத்துல்லாஹ்.

பி.கு.: ராத்தா, நாளைக் குறிக்காதீர்கள். உங்கள் பின்கோடு சரிதானா என்று பார்க்க ருமைஸாவிடம் இதைக் கொடுத்தேன். அவள் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். "அஞ்சு தடவ நின்னிருக்கு. ஒரு தடவகூட, மாமா அத மூடாதீங்கன்னு சொல்ல அவருக்கு வாய் வரலயா? திருச்செந்தூருக்குப் போய் ஒதுங்கியிருந்தாலும் ரெண்டு பேரும் மரியாதயாப் போய் ஒதுங்கியிருப்பீங்க" என்கிறாள். "இந்த வீட்டுல வாப்பா செய்யுறது தப்புன்னு சொல்ல நான் ஒருத்திதான் இருக்கேன். இன்னொரு ஆளும் வந்து வாய மூடிக்கிட்டு உக்காந்தா நான் ஒத்தையில எத்தனையச் சொல்லுவேன்?" அவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முஜாஹித் இங்கே வந்து, நான் செய்தது தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. நான் நியாயம் கேட்டு ஹாஜராவைப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "நானும் அந்தப் புள்ள மாதிரிதான். முப்பத்திநாலு வருஷமா, துபாய்லயும் இங்கனயும், நீங்க மூடுறத எல்லாம் பின்னாலயே வந்து திறந்து விட்டுக்கிட்டு இருக்கேன். வாயத் திறந்து சொல்லியிருந்தா எனக்கும் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்" என்றாள். வெள்ளிக்கிழமை என் முன்னால் வந்து நிற்க அந்தப் பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடு என்று நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.