பட்டுக் கவசத்தோடு பெண் கேட்கப் போனவர்

கவசம் இல்லாமல் தோற்றவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. போட்ட கவசத்தாலேயே தோற்ற ஒரே ஆசாமி, எனக்குத் தெரிந்து, எங்கள் டிசைன்காரர்தான். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பாதி அடி அவருக்கு, பாதி எனக்கு.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் குடியிருந்தோம். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவான நான், புதுமனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்த கம்பவுண்டர், பட்டுப் புடவைக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் அவர். பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். தபால்காரர்கூட "டிசைன்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு வேலை கட்டம் போட்ட தாளில். அன்னம், மாங்காய், யாளி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பார். கெட்டுப்போன தாள்கள் அறை முழுக்கக் குவிந்து கிடக்கும். ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாத நான் அதில் ஒன்றை விரித்து, கோட்டை, அகழி, ராஜசபை என்று வரைந்து ஓர் ஆட்டம் கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு வீரன். வீரன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று தாயக்கட்டை சொல்லும். ராஜா, காவல்காரன், பூதம் எல்லாம் நான்தான். ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு கவசம் எடுத்துக்கொள்ளலாம். இரும்பு என்றால் வெட்டு தாங்கும். தோல் என்றால் வேகமாக ஓடலாம். மூன்றாவதாக எதையாவது எழுத வேண்டுமே என்று, ‘பட்டுக் கவசம்: அடி தாங்காது, போகிற இடத்தில் மரியாதை கிடைக்கும், விழுந்த எண்ணோடு ஐந்து கூட்டிக்கொள்ளலாம்’ என்று எழுதிவைத்தேன். என் கையை அன்றைக்கே ஒடித்திருக்க வேண்டும்.

"எனக்குப் பட்டு" என்றார் டிசைன்காரர்.

"வெளிய பூதம் நின்னுக்கினு இருக்குதுபா! இரும்பை எடு!" என்று கம்பவுண்டர் கத்தினார்.

"பூதம் கெடக்குது. உள்ள போனா ராஜா உக்காரச் சொல்வாரா மாட்டாரா, அத்த சொல்லு மொதல்ல."

சொன்னார். எல்லாக் கோட்டையிலும் ராஜா உட்காரச் சொன்னார். காவல்காரன் கும்பிட்டான், ராணி தாம்பூலம் கொடுத்தாள். அப்புறம் முதல் சண்டையில் முதல் வெட்டிலேயே டிசைன்காரர் செத்துப்போவார். வாரம் தவறாமல் செத்தார். அவரைக் காப்பாற்றப் போய்க் கம்பவுண்டரும் செத்தார். இதில் கவசத்துக்குக் கரை முடிவு செய்யவே ஒரு மணி நேரம் ஆகும். "ஒடம்பு அரக்கு, கரை மாம்பழக் கலரு. காவக்காரனுக்குத் தூரத்துலருந்தே தெரியணும்பா." பூதத்துக்குக் கலர் தெரியாது ஐயா என்று கெஞ்சிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. முப்பத்தாறு வயது, தாய் தகப்பன் இல்லை, தனக்குத் தானே பெண் கேட்டுப் போகவேண்டிய நிலை. மூன்று வீடுகளில் கேட்டிருந்தார். மூன்றிலும் மைக்கறைச் சட்டையைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நிற்கவைத்து விசாரித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது நாலாவதாக ஓர் இடம், வாலாஜாபாத்தில் அரிசி மில் மேஸ்திரியின் மகள். ஒரு கல்யாணப் பந்தியில், கேட்காமலே இவர் இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாளாம். காதல் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வரைந்த அன்னங்களுக்கெல்லாம் அவள் மூக்கு.

"இந்த எடமும் தப்பிப் போச்சுன்னா, அப்பால எனக்குக் கல்யாணமே வாணாம்பா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். கோட்டை இருந்த இடத்தில் மேஸ்திரி வீட்டை வரைந்தோம். நான் மேஸ்திரி. அவர் வழக்கம்போலப் பட்டு. கட்டையை உருட்டினார், ஆறு விழுந்தது. ஐந்து கூட்டிப் பதினொன்று. பத்தைத் தாண்டினால் விதிப்படி பெண்ணைக் கொடுத்தே தீர வேண்டும், கொடுத்தேன். "பாத்தியா! பாத்தியா!" என்று அறை அதிரக் குதித்தார்.

அடுத்த ஞாயிறு கம்பவுண்டரின் கல்யாணப் பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், நாங்கள் சாப்பிடும் மெஸ் முதலாளியின் மோதிரம் எல்லாம் அவர் உடம்பில் ஏறின. வெயிலில் பார்த்தால் கண் கூசியது. துணைக்கு நான் போவதாக ஏற்பாடு. ஆனால் முந்தின நாள் மெஸ்ஸில் சாப்பிட்ட புளிக்குழம்பு என்னைக் கொல்லைப்புறத்தை விட்டு நகர விடவில்லை. தனியாகவே பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"நாற்காலி போட்டாங்கபா! கை வெச்ச நாற்காலி! வெள்ளி டம்ளர்ல காப்பி. மேஸ்திரி கடேசி வரைக்கும் நின்னுக்கினேதான் பேசினாரு!"

"சரி, பொண்ணு?"

"அது... இல்லன்ட்டாரு."

"என்னது!"

"‘உங்க அந்தஸ்துக்கு நாங்க ஈடாவ மாட்டோங்க, உங்களுக்குச் செய்யற அளவுக்கு எங்களால முடியாதுங்க’ன்னு கையெடுத்துக் கும்புட்டாருபா. அப்பறம் கூடவே வந்து பஸ் ஏத்தி வுட்டாரு."

எனக்கு வயிற்று வலியே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. "அட மனுஷா! வேட்டி இரவல், மோதிரம் இரவல்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துப் பழைய மடிப்பு மாறாமல் மடித்தார். சிரிப்பு போய்விட்டது. "எப்டிபா சொல்றது? பொறந்ததுலருந்து என்னை யாரும் அப்டி உக்கார வெச்சதில்ல. அந்த நாற்காலில குந்திக்கினு, இது எதுவும் என்துது இல்லன்னு சொல்ல வாய் வரலபா."

பிறகு அழுதார். இரவல் ஜரிகையில் கண்ணீர் பட்டுவிடக் கூடாதென்று முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டு அழுதார். கம்பவுண்டர், தன் வேட்டி போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

நான் எழுந்து நடமாட மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாலாஜாபாத் போய் மேஸ்திரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடப் பாவமே! நம்மள மாதிரி ஆளுங்களா அவரு? நேத்துதாங்க என் அக்கா புள்ளைக்குத் தர்றதாச் சொல்லி வெத்தல பாக்கு மாத்தினோம்."

கதவுக்குப் பின்னால் இருந்து பெண்ணின் குரல் கேட்டது. "நயினா, அன்னிக்குப் பந்தியில மைக்கறைக் கையோட சாப்டுக்கினு இருந்தாரே, அவரா? பட்டுல பாத்தப்போ எனக்கு அடையாளமே தெரியலியே."

ஆனால் மேஸ்திரி வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

அவள் சொன்னதை நான் டிசைன்காரரிடம் கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு ஏன் கல்யாண வயதில் ஒரு தங்கையைப் பெற்று வைக்கவில்லை என்று, அன்று காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் என் அப்பா அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.