ஒற்றைக் கம்பி மணி

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். அதற்கு ஒழுக்கம் கற்பித்த பெருமை அந்த அலுவலகத்தின் மேலாளர் ஒருவரையே சேரும்.

அவர் மேஜையில் ஒரு பேட்டரி, ஒரு பொத்தான். வெளியே பியூனின் முக்காலிக்கு மேலே ஒரு மணி. மணி அடிக்காமல் உள்ளே நுழைவது குற்றம். எலக்ட்ரீஷியன் பெண் இரண்டு கம்பி இழுத்திருந்தாள். இரண்டாவது எதற்கு என்றார் மேலாளர். போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவதற்கு என்றாள்.

"நான் அனுப்பினது பியூன்கிட்ட போயிட்டு எங்கிட்டயே திரும்புமா?"

"திரும்பினாதான் ஓடும் சார். பேட்டரியில ஒரு முனை மேடு, ஒரு முனை பள்ளம் மாதிரி. ரெண்டையும் மணி வழியா சேர்க்கணும்."

மேடு பள்ளம்தானே வேண்டும், எனக்கும் பியூனுக்கும் நடுவில் இருப்பது போதாதா என்று கேட்டுவிட்டு, 'நிர்வாக நலன் கருதி' இரண்டாவது கம்பியை அகற்றச் சொன்னார்.

மணி வாயே திறக்கவில்லை. மேலாளர் அன்று முப்பத்தாறு முறை அழுத்தினார். பியூன் முப்பத்தாறு முறையும் போகவில்லை. மறுநாள் பியூனுக்கு மெமோ வந்தது: விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை நீக்கம். மணி அடிக்கவில்லை என்று எழுதினால் உத்தரவையே குறை சொன்னதாகும் என்று தலைமை எழுத்தர் அன்போடு எச்சரித்தார். பியூனுக்கோ பத்தொன்பது வருட வேலை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில், பியூன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பியை எலக்ட்ரீஷியன் துணையோடு இரண்டாவது கம்பியாக அறையின் கம்பளத்துக்கு அடியில் பதித்தார். மணி அடித்தது. பியூன் ஓடினார். மேலாளர் பூரித்துப்போனார். 'ஒற்றைக் கம்பி மணி' பற்றித் தலைமையகத்துக்கு அறிக்கை பறந்தது. அதில், மேலாளர் அறையிலிருந்து முக்காலியை நோக்கி ஒரு தடித்த அம்பு.

"அம்பு சரியாம்மா?" என்று பியூன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டார்.

"புத்தகத்துலயும் இப்படித்தாண்ணே. ஆனா அந்தக் கம்பியில நிஜமா ஓடுற எலக்ட்ரான் உங்க பக்கத்துலேருந்து அவர் ரூமுக்குப் போகும். என்ன ஓடுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே அம்பைப் போட்டுட்டாங்க. அப்புறம் யாரும் மாத்தல."

"ஓ, அதுவும் நம்ம ஆபீஸ்லதான் வேலை பாக்குதா?"

மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பியூனுக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. மணி இப்போது அடிப்பதால், அன்றும் அடித்தது 'ஐயமற நிரூபணமாகிவிட்டது'.

பியூன் சீருடையை ஒப்படைத்தார். கம்பளத்தைத் தூக்கி, தன் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மேலாளர் இன்றும் சளைக்காமல் பொத்தானை அழுத்துகிறார். இதுவரை நான்கு பியூன்களுக்கு வேலை போயிருக்கிறது. மணியின் மீது மட்டும் ஒரு புகாரும் இல்லை.